கலைச்சொல் தேடிய வழக்கறிஞர்

கருநாடக மண்ணைக் கடந்து தமிழகத்திற்குள் நுழையும் தென்பெண்ணையாறு சிறிது தொலைவு ஓடுவதற்குள் ஓசூர்ப் பகுதி வந்துவிடுகிறது. அப்பகுதியில் அமைந்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில், 1878ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், சக்கரவர்த்தி வேங்கடார்யர், சிங்காரம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தவர் இராஜகோபாலாச்சாரியார். நாடு அவரை இராஜாஜி என்றும் மூதறிஞர் என்றும் அழைத்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராக வீற்றிருந்த ஒரே இந்தியர் அவர். சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைமையை இருமுறை ஏற்றார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். இவையெல்லாம் பள்ளி மாணவரும் அறிந்த செய்திகளே. ஆயின், காந்தியடிகளின் தோழராவதற்கு முன்னர், சேலத்தில் வழக்குரைத்துக் கொண்டிருந்த நாளில், அறிவியலுக்கும் கணிதத்திற்கும் தமிழ்ச்சொல் தேடும் பணியை அவர் மேற்கொண்டார் என்பது இன்றைய எழுத்தாளர் பலருக்கும் புதிய செய்தியாகவே இருக்கும். அவருடைய அரசியல் வாழ்வைப் பற்றி அடுக்கடுக்காக நூல்கள் வந்துள்ளன. சொல் தேடிய வாழ்வோ அந்நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது.

அவர் பிறந்த மண்ணின் மொழிநிலையை முதலில் நோக்க வேண்டும். ஓசூர் என்னும் பெயரே கன்னடத்தில் புதிய ஊர் எனப் பொருள்படும். சந்தையில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதும் ஒருங்கே ஒலிக்கும் ஊர் அது. கிருட்டிணகிரியும் அதனைச் சூழ்ந்த நிலமும் பாராமகால் எனப் பெயர்பெற்று, மைசூர்ப் போருக்குப்பின் 1792இல் கும்பினியார் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி விதித்தனர். அவர்கள் வகுத்த வருவாய் முறை பின்னர் மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. அம்முறையோடு தாசில், ஜமாபந்தி, ஜில்லா, வசூல், பாக்கி முதலிய அரபு, பாரசீகச் சொற்களும் ஊர்தோறும் நிலைபெற்றன. இராஜாஜியின் தந்தையார் தொரப்பள்ளியின் முன்சீப். அப்பதவியின் பெயரும் அரபுச் சொல்லே. ஆட்சி கொண்டுவந்த துறைச்சொல்லை உழவனும் ஏற்றுப் பழகிவிடுவான் என்பதற்கு அவ்வீட்டுத் திண்ணையே சான்று. பாக்கி என்பது எம்மொழிச்சொல் என்று எவரும் கேட்டதில்லை; வரி பாக்கி எவ்வளவு என்பதே அவர்தம் கவலை.

ஐந்து வயதில் குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. ஓசூர் அரசுப் பள்ளியில் பயின்று, 1891இல் நுழைவுத் தேர்வில் தேறி, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் 1894இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்றார். பதின்மூன்று வயதை எட்டுமுன்னரே அவருடைய கல்வி முற்றிலும் ஆங்கிலத்திற்கு மாறிவிட்டது. அக்காலத்து மாணவர் அனைவர் நிலையும் அதுவே. திண்ணைப் பள்ளியில் முந்திரி, காணி, மாகாணி, அரைக்கால் என்று எண்சுவடியை உரத்த குரலில் ஒப்பித்த பிள்ளை, உயர்நிலை வகுப்புக்குச் சென்றதும் அவ்வளவையும் மூட்டை கட்டிவைத்துவிட்டு வேறொரு மொழியில் எண்ணத் தொடங்கினான். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அத்துணை நுண்மையான பின்னத்திற்குத் தனிப்பெயரும் தனிக்குறியும் வைத்திருந்த மொழி, இயற்கணிதத்தின் முதற்பாடத்திலேயே வாயடைத்து நின்றது.

1900இல் அவர் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஓசூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கூரிய வாதத்தால் விரைவில் பெயரும் பொருளும் ஈட்டினார். 1911இல் நகராட்சி உறுப்பினரானார். 1915, 1916ஆம் ஆண்டுகளையொட்டி அவர் துணைவியார் அலமேலு மங்கம்மாள் மறைந்தார். மூன்று ஆண்மக்களும் இரு பெண்மக்களுமாக ஐந்து குழந்தைகள் அவர் பொறுப்பில் நின்றனர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. வாழ்வின் துயர் மிகுந்த அந்நாள்களிலேதான் சொல்லாக்கப் பணியிலும் அவர் இறங்கினார்.

1916இல் சேலத்தில் அவரும், ஆசிரியர் வெங்கடசுப்பையரும், வேறு சில அன்பரும் கூடித் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு கழகம் கண்டனர். அக்கால வழக்கில் கலைச்சொல்லுக்குப் பரிபாஷை என்பது பெயர். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் ஆகிய துறைகளின் சொற்களுக்கு எளிய தமிழ்ச்சொல் காண்பது கழகத்தின் நோக்கம். அதற்கென ஓர் இதழும் வெளியிடப்பட்டது. பள்ளிகளில் தமிழே பயிற்றுமொழியாக வேண்டும் என்னும் குரலையும் இராஜாஜி அதே காலத்தில் எழுப்பினார். பயிற்றுமொழி என்னும் தேவை இல்லாவிடில் கலைச்சொல் வெறும் பட்டியலாகிவிடும். இரண்டையும் ஒருசேர அவர் கண்டது வழக்கறிஞரின் நடைமுறை அறிவு எனலாம்.

தமிழ்ச்சொற்களுக்காகத் தொடங்கிய அவ்விதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது! அப்போது புதுவையில் வாழ்ந்த பாரதியார் இம்முயற்சியை வரவேற்று எழுதினார். இதழ் ஆங்கிலத்தில் நடப்பதைக் குறையாகவும் சுட்டினார். அக்குறை நியாயமானதே. எனினும் இதழ் நடத்தியவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வேதியியலையும் கணிதத்தையும் கற்றவர் அனைவரும் அவற்றை ஆங்கிலத்திலேயே கற்றிருந்தனர். இச்சொல்லுக்கு இன்ன பொருள், ஆகவே இன்ன தமிழ்ச்சொல் தகும் என்று அவரோடு வாதிடுவதற்குரிய தமிழ்நடை அன்று உருவாகவில்லை. அந்நடையை உருவாக்கவே சொற்கள் வேண்டியிருந்தன. சொற்கள் நிலைபெறவோ அந்நடை வேண்டியிருந்தது. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கணிப்பொறித் தமிழைப் பற்றிய கருத்தரங்குகளில் ஆங்கிலத்தில் படிக்கப்பட்ட கட்டுரைகள் உண்டு என்பதை எண்ணும்போது, சேலத்து அன்பரை மட்டும் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை.

இத்துறையில் அவர்களே முதல்வர் அல்லர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களைப் பெயர்த்து, சொற்றொகுதிகளையும் ஆக்கினார். அவ்வூர்ப் புலவர் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் இயற்கணித நூலைத் தந்தார். வடமொழியின் பீஜம் தமிழில் வீசமாயிற்று. வீசமோ தமிழில் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும் பழஞ்சொல். ஆகவே, எழுத்துகளைக் கொண்டு கணக்கிடும் கலையின் பெயரைக் கேட்ட எளியவர் அதனைப் பின்னக் கணக்கு என்றே கருதியிருக்கக்கூடும். ஒலியைத் தமிழ்ப்படுத்தும்போது பொருள் வழுக்கிவிடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்து முயற்சிக்குப் பின்னால் ஒரு மருத்துவப் பள்ளியும் அச்சகமும் இருந்தன. சேலத்துக் கழகத்திற்குப் பின்னால் சில தனிமனிதரின் ஓய்வுநேரம் மட்டுமே இருந்தது.

அந்த ஓய்வுநேரமும் விரைவில் பறிபோயிற்று. 1917இல் அவர் சேலம் நகராட்சித் தலைவரானார். 1919இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது ஏற்பட்ட உறவு அவர் வாழ்வின் திசையை மாற்றியது. வளம் கொழித்த தொழிலைக் கைவிட்டார். 1921இன் இறுதியில் வேலூர்ச் சிறை புகுந்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டார். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பெடுக்க நடந்தார். இவ்வரலாறு பலரும் எழுதியது. ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

சொல் பற்றிய அவருடைய எண்ணம் அந்நாள்களில் வேறொரு வடிவம் கொண்டதே நமக்கு வேண்டியது. பட்டியல் தொகுப்பதை விட்டு, எழுதிக் காட்டத் தொடங்கினார். ஆசிரமத்தில் மதுவிலக்குக்கென 1929இல் தொடங்கிய விமோசனம் இதழில் கல்கி அவருக்குத் துணைநின்றார். கள்ளுக்கடைக்குச் செல்லும் உழைப்பாளிக்கு விளங்க வேண்டும் என்னும் கட்டாயம் நடையை இளக்கியது. அந்நடையிலேயே அறிவியலையும் அவர் எழுதினார். திண்ணை ரசாயனம், தாவரங்களின் இல்லறம், தமிழில் முடியுமா ஆகிய அவருடைய நூல்களின் பெயர்களே அவர் கொள்கையைச் சொல்லிவிடும். ரசாயனம் என்னும் வடசொல்லை அவர் நீக்கவில்லை. அதைக் கொண்டுபோய்த் திண்ணையில் உட்காரவைத்தார். மகரந்தமும் சூலும் சேர்ந்து காய் பிறக்கும் நிகழ்ச்சிக்குப் புதுச்சொல் ஒன்றைப் படைக்காமல், வள்ளுவர் வகுத்த இல்லறத்தை எடுத்துச் செடிகொடிக்குச் சூட்டினார். இல்லறம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் பூவும் வண்டும் காயும் விதையும் ஒரு குடும்பமாகக் கண்முன் வருகின்றன. புதிய பொருளுக்குப் பழைய சொல்லை நீட்டித் தருவது பாவலர் நாள்தோறும் செய்யும் தொழில். இராஜாஜி பாவலர் அல்லர். ஆயினும் அத்தொழிலின் இயல்பை அறிந்திருந்தார். உபநிடதக் கருத்துகளைத் தமிழர்க்குச் சொல்லப் புகுந்தபோதும் உபநிஷதப் பலகணி என்றே பெயரிட்டார். பலகணி சாளரத்தின் மறுபெயர். இன்று கணினித் திரையில் விரியும் சட்டங்களுக்குச் சாளரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பலகணிக்கு அவ்வாய்ப்பு கிட்டவில்லை.

இத்தகையவர் 1937இல் மாகாணத்தின் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டு ஏப்பிரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழறிஞரும் தன்மதிப்பு இயக்கத்தாரும் கொதித்தெழுந்தனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தனர். 1940 பிப்பிரவரியில், அவர் அமைச்சரவை விலகிய பின்னர், ஆளுநர் அவ்வாணையை நீக்கினார். அறிவியலைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று 1916இல் எழுதியவரும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழியைக் கட்டாயமாக்கியவரும் ஒருவரே. இம்முரணை அவர் அன்பர் மறைக்க முயல்வதும், பகைவர் முன்னதை மறந்து பின்னதை மட்டும் பேசுவதும் நேர்மையாகா. ஆணையிட்டால் மொழி பரவும் என்று அவர் கருதினார் போலும். பாராமகாலின் வருவாய்ச் சொற்கள் அப்படித்தானே பரவின! வரி பாக்கி உழவனின் கழுத்தைப் பிடித்தது. ஆகவே அச்சொல்லை அவன் கற்றான். ஒருவன் தாய்மொழி தாழ்வுறுகிறது என்று உணரும்போது அவன் கற்க மறுப்பான் என்பது அக்கணக்கில் விடுபட்டுப் போயிற்று. இழந்த உயிர்களை நினைக்கையில் அதனைச் சிறு பிழை என்று கொள்வதற்கில்லை.

இதனால் கலைச்சொல்லும் அரசியற் களமாயிற்று. நெல்லையில் 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் உழைப்பால், தூய தமிழை அடிப்படையாகக் கொண்டு கலைச்சொற்களைத் தொகுத்து 1938இல் நூலாக்கியது. 1940இல் அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழி சார்ந்து நிற்பதாகக் கண்டனம் எழுந்தது. வடமொழியா, தமிழா, அயற்சொல்லா என்னும் வினா ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. முடிவில் தமிழகப் பாடநூல்களில் வேதியியல் வென்றது. இலங்கைத் தமிழர் இரசாயனவியல் என்றே கற்கின்றனர். இரு கரையிலும் பிள்ளைகள் தேறுகின்றனர். இராஜாஜியின் திண்ணையோ எப்பக்கமும் சாராமல் நடுவே கிடந்தது.

அவர் தொடங்கிவைத்த பணி பல கைகள் மாறி எவ்விடத்தில் வந்து நிற்கிறது என்பதைக் காண ஒரு சொல் போதும். அணி என்பது அச்சொல். பாவலர்க்கு அணி என்றால் உவமையும் உருவகமும். படைஞனுக்கு அணி என்றால் வரிசை வகுத்து நிற்கும் படை. மகளிர்க்கு அது நகை. தமிழகத்து மேல்நிலைப் பள்ளிக் கணித மாணவனுக்கோ, எண்களைக் கட்டம் கட்டமாகச் செவ்வக வடிவில் நிறுத்தி, அக்கூட்டம் முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு கூட்டியும் பெருக்கியும் பார்க்கும் கணிதப் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு மேட்ரிக்ஸ் என்று 1850இல் பெயரிட்டவர் சேம்ஸ் சோசப் சில்வெஸ்டர். இலத்தீனில் அச்சொல் கருப்பையைக் குறிக்கும். எண்களின் அவ்வடுக்கிலிருந்து அணிக்கோவைகள் பல பிறப்பதால், பிறப்பிக்கும் வயிறு என்னும் கருத்தில் அப்பெயரைச் சூட்டினார். அவர் நண்பர் ஆர்தர் கெய்லி 1858இல் அதனை முழுமையான கணிதமாக வளர்த்தார். சொல்லைச் சூட்டியவரும் வளர்த்தவரும் வழக்கறிஞர் தொழில் புரிந்தவர்கள் என்பது இக்கட்டுரைக்குப் பொருத்தமாக வாய்த்த செய்தி. சில்வெஸ்டர் கவிதையில் பெருங்காதல் கொண்டவர். யாப்பின் விதிகளைப் பற்றி 1870இல் தனிநூலே எழுதினார். கணிதத்தில் கிராஃப் என்னும் சொல்லையும் அவரே 1878இல் வழங்கினார். அது இராஜாஜி பிறந்த ஆண்டு.

கருப்பை என்னும் உருவகத்தைத் தமிழகம் ஏற்கவில்லை. வரிசை என்னும் வடிவத்தை ஏற்றது. இலங்கைப் பாடநூல்களில் இதற்குத் தாயம் என்பது பெயர். தாய் அச்சொல்லுள் ஒலிக்கக் காண்கிறோம். நம் பக்கத்தாருக்குச் சொக்கட்டான் நினைவு வருவதும் இயல்பே. நாம் கணம் என்பதை அவர்கள் தொடை என்கின்றனர். மோனைத் தொடையும் எதுகைத் தொடையும் கற்ற நம் புலவர், உறுப்புகள் ஒரு பண்பால் தொடுக்கப்பட்டு நிற்பதே தொடை என்பதை எண்ணிப் பார்த்தால், அச்சொல்லின் அழகை மறுக்கமாட்டார்.

அணிக்குள் புகுந்தால் வியப்பு மேலும் வளர்கிறது. அதன் கிடை வரிசைக்கு நிரை என்றும் நெடு வரிசைக்கு நிரல் என்றும் பாடநூல் பெயரிட்டிருக்கிறது. நேர், நிரை என்று அசை பிரித்தவர்க்கு நிரை அறிமுகமான சொல். ஆநிரை கவர்தலும் மீட்டலும் புறத்திணையின் தொடக்கம். கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகளில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கும் நடுகற்களுள் பல, ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கு எடுக்கப்பட்டவை. அக்கற்களின் எழுத்து ஆனிரையைத் தொறு என்று குறிக்கும். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் மாடுகளின் வரிசையே இன்று எண்களின் வரிசையாயிற்று. நிரல்நிறை என்னும் அணியைத் தண்டியலங்காரம் கற்றவர் அறிவர்: சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய பொருள்களை மற்றொரு வரிசையிலும் நிறுத்தி, முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது எனக் கூட்டிப் பொருள் கொள்வது. இரு அணிகளைப் பெருக்கும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே. முதல் அணியின் ஒரு நிரையை எடுத்து, இரண்டாம் அணியின் ஒரு நிரலோடு முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது எனப் பெருக்கி, பெருக்கிய தொகைகளைக் கூட்ட வேண்டும். ஒரு கடையில் வாங்கிய அரிசி மூன்று படி, பருப்பு இரண்டு படி என்பது நிரை. அவற்றின் விலை நிரல். கூட்டிவரும் தொகையே கணக்கு. பொருள்கோள் தெரிந்த மாணவனுக்கு இது பாதி தெரிந்த பாடம். ஆயினும் இலக்கண ஆசிரியரும் கணித ஆசிரியரும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தும் இதனைப் பேசிக்கொள்வதில்லை!

கணினியியல் வந்தபோது அணிக்கு மற்றொரு வேலை வந்தது. ஐம்பது மாணவரின் மதிப்பெண்ணை ஐம்பது பெயர்களில் வைக்காமல், ஒரே பெயரின்கீழ் வரிசை எண்ணிட்டு நினைவகத்தில் அடுத்தடுத்து நிறுத்தும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் அர்ரே என்பது பெயர். பள்ளிக் கணினிப் பாடநூல் அதனையும் அணி என்றே தமிழாக்கியது. ஆங்கிலத்தில் இரண்டும் இரு சொற்கள். கணித அணிக்குக் கூட்டலும் பெருக்கலும் விதியாக உண்டு. கணினி அணி வெறும் அடுக்கு. அதில் எண்ணும் இருக்கலாம், எழுத்தும் இருக்கலாம். முதல் உறுப்பைப் பல கணினி மொழிகள் சுழியம் என எண்ணத் தொடங்கும். கணித அணியோ வழக்கமாக ஒன்றிலிருந்து எண்ணும். ஆகவே தமிழ் மாணவன் கணித அணியைக் கணினியில் ஏற்றும்போது, அணியை இருபரிமாண அணியில் வைத்தேன் என்று எழுதுகிறான். நிரலின் நிலை இதனினும் இடர் மிக்கது. கணிதத்தில் நெடுவரிசையாகிய நிரல், கணினியில் ஆணைத்தொடருக்குப் பெயராயிற்று. நிரல் எழுதி அணியின் இரண்டாம் நிரலைக் கூட்டுக என்று வினாத்தாளில் வந்தால், ஒரே வாக்கியத்தில் ஒரு சொல் இருமுறை வந்து இரு பொருள் தருகிறது. பாட்டில் இதனைச் சொல் பின்வருநிலையோடு ஒப்பிட்டுச் சுவைக்கலாம். தேர்வுக்கூடத்தில் சுவைப்பது அரிது. கணினி அட்டவணை பற்றிய பாடத்தில் நெடுவரிசை என்று மாற்றிக்கொண்டவர் இவ்விடரை உணர்ந்தே மாற்றியிருத்தல் வேண்டும்.

இரு துறையினர் தனித்தனியே அமர்ந்து சொல் ஆக்கியதால் நேர்ந்த விளைவு இது. வேதியியல், கணிதம், வானியல் என ஐந்து துறைகளையும் ஒரே கழகத்தின்கீழ் வைத்து எண்ணிய 1916ஆம் ஆண்டுத் திட்டத்தின் அருமை இங்கேதான் விளங்குகிறது. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தால், நிரல் எங்களுடையது என்று கணித ஆசிரியர் ஒரு சொல் சொல்லியிருப்பார்.

இராஜாஜியின் பிற்கால வாழ்வு மொழி வகையில் மேலும் திரும்பியது. 1952இல் மீண்டும் முதலமைச்சரானார். அரைநேரப் பள்ளியும் அரைநேர வீட்டுத்தொழிலும் என 1953இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டது. 1954இல் பதவி விலகினார். திண்ணையை மதித்தவர், அத்திண்ணைக்கு எல்லாரும் ஏற முடியாதிருந்த வரலாற்றைப் போதுமான அளவு எண்ணவில்லை என்னும் குறை அவர்மீது நிலைத்துவிட்டது. பதவி நீங்கியபின் எழுத்து பெருகியது. கல்கி இதழில் தொடராக வந்த இராமகாதை சக்கரவர்த்தித் திருமகன் என்னும் நூலாகி 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதே ஐம்பதுகளின் இறுதியில், ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக இந்தி மட்டும் அமைவதை அவர் கடுமையாக எதிர்க்கத் தொடங்கினார். ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1967இல் அவருடைய சுதந்திராக் கட்சி அறிஞர் அண்ணாவோடு தேர்தல் உடன்பாடு கொண்டது. அத்தேர்தலில் வென்ற ஆட்சி 1968 சனவரியில் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றி, அவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் கொணர்ந்த பாடத்தைப் பள்ளியிலிருந்து விலக்கியது. தம் கருத்தை மாற்றிக்கொள்ள அஞ்சாத மனிதர் என்று இதனைப் போற்றுவாரும் உளர். காலங்கடந்த மாற்றம் என்பாரும் உளர். இரண்டாமவர் கூற்றிலே வலு மிகுதி.

1972 திசம்பர் 25ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். அவருடைய நூற்றாண்டாகிய 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. கணிதத்தைப் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் கற்கும் வழி அதனால் அகலமாயிற்று.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த இல்லம் அரசின் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் வளாகம் எழுந்தது. பின்னர்ச் சரக்குந்தும் இருசக்கர ஊர்தியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றி உதிரியுறுப்புக் கடைசற் பட்டறைகள் பெருகின. கணினி ஆளும் கடைசல் எந்திரத்தின்முன் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் வடவரும் தோளோடு தோள் நின்று பணிபுரிகின்றனர். எந்திரத்திற்குக் கொடுக்கும் ஆணைத்தொடரை நால்வரும் புரோகிராம் என்றே வழங்குகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பில் நிரல் என்று எழுதி மதிப்பெண் பெற்ற இளைஞன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அச்சொல்லுக்கு மாறிவிடுகிறான். அவன் கையிலுள்ள அளவுத் தாளில் எண்கள் நிரையும் நிரலுமாகவே நிற்கின்றன.